பூஜையன்னைக்குப் படித்தவள்

இக்கட்ட, இந்தப் பக்கமா வந்து உக்காருங்க. அந்த பெஞ்சுக்கு ஒரு காலு ஆடுதுங்க, போன வாய்தாவுல ஒரு பெரியவரு பொத்துனு விழுந்துட்டாரு. உங்க நம்பர் என்னங்க, பதினொண்ணா? நம்முளது ஒம்போது. இன்னும் நேரம் இருக்குது. லேபர் ஆபீசுன்னா பத்தரைன்னு சொன்னா பன்னெண்டுன்னு வெச்சுக்கோணும்.

என்ர பேரு நாச்சிமுத்துங்க. ஊரு காங்கயம் பக்கம். தேங்காக் களம் பாத்திருக்கீங்களா? லோடு லோடாத் தேங்கா வந்து எறங்கும். மட்டை உரிச்சு, ரெண்டா வெட்டி, களத்துல காயப் போட்டு, பருப்பைத் தோண்டி எடுத்து, பக்கத்துலயே மில்லுல எண்ணெய் ஆட்டறது. அப்படி ஒரு மில்லுல நான் பத்தொம்பது வருஷம் மேஸ்திரிங்க. முப்பத்திரண்டு பொம்பளைங்க, எட்டு ஆம்பளைங்க. அத்தனை பேரும் என்ர ஒரு பார்வைக்கு அடங்கோணும். அடங்கலைன்னா கை பேசும்.

அதா, அந்த வேப்பமரத்தடியில நிக்கறா பாருங்க, பச்சைச் சேலை. வலது கையை முந்தானைக்குள்ள வெச்சிருக்கா. அவ பேரு வசந்தாமணி. அவளும் ஒம்போதாம் நம்பருதான். அவ கையை வெட்டினது நாந்தானுங்க.

ஏனுங்க, நகந்து உக்காந்துட்டீங்க? பயப்படாதீங்க. எங்கிட்ட இப்ப ஒண்ணுமில்ல, இந்த மஞ்சப்பையும் ரெண்டு காயிதமும்தான். அதுவுமில்லாம நான் சும்மா யாரையும் தொடற ஆளில்லைங்க. காரணமில்லாம நான் ஒருத்தரையும் அடிச்சதில்ல. அதை ஊருக்குள்ள யாரை வேணா கேட்டுக்கோங்க.

இப்ப, ஒடிசாக்காரன் ஒருத்தன் இருந்தான். உரிக்கறதுல சூரன். ஊருல அம்மாக்காரி செத்துப்போச்சுன்னு பாக்கிக் கூலியெல்லாம் ஒண்ணாக் கேட்டான். நம்ம மில்லுல மூணு மாசக் கூலி எப்பவும் மொதலாளிகிட்டயே நிக்கும். அப்படி நிறுத்தி வெச்சாத்தான் ஆளு நிக்கும். இவன் என்ன பண்ணினான், கூலி வேண்டாம்னு விட்டுட்டு ரயிலேறப் பாத்தான். ரயிலடியில போயிப் புடிச்சேன். மூங்கில் தடியால முட்டிக்குக் கீழ நாலு போட்டேன். முட்டிக்கு மேல அடிச்சா எலும்பு கழண்டுக்கும், வேலை கெட்டுப்போகும். கீழ அடிச்சா வலிதான், ஒடையாது. மறுநா உக்காந்துட்டே உரிச்சான். நீங்களே சொல்லுங்க, இது அடிக்கத் தெரிஞ்சவன் அடிக்கற அடிதானுங்களே? கோவத்துல அடிக்கறவன் இதெல்லாம் பாப்பானா?

கிட்டான்னு ஒருத்தன், லோடு எறக்கறவன். அவன் கொஞ்சம் வாய். பக்கத்து மில்லுல இவ்வளவு குடுக்கறாங்க, அங்க அவ்வளவு குடுக்கறாங்கன்னு நோண்டிக்கிட்டே இருந்தான். ஒரு நாளு பாரையில முதுகை வெச்சு அழுத்திட்டேன். பாரைன்னா தேங்கா உரிக்கறதுக்கு நட்டிருக்கற இரும்புங்க, ஈட்டி கணக்கா நிக்கும். குத்தலைங்க. அழுத்தினதோட சரி. சட்டை நனைஞ்சதும் விட்டுட்டேன். அதுக்கப்பறம் அவன் எந்த மில்லைப் பத்தியும் பேசலை.

பொம்பளைங்களை நான் அடிக்கவே மாட்டேன். முடியைப் புடிச்சு இழுக்கறதோட சரிங்க.

இதெல்லாம் நான் எனக்காகவா பண்ணினேன்? மொதலாளி ஒரு நாளும் வாயைத் தொறந்து அவனை அடி, இவனை அடின்னு சொன்னதில்ல. தங்கமான மனுஷன். ஆபீஸ் ரூமுக்குள்ள இருந்தபடியே, "நாச்சிமுத்து, என்ன சத்தம் அங்க?"ன்னு கேப்பாரு. அவ்வளவுதான். நான் சத்தத்தை நிறுத்திருவேன்.

சரி, வசந்தாமணி கதைக்கு வாரேன்.

கவருமெண்டுல ஒரு சட்டம் இருக்குதுங்களாமே, குறைஞ்சபட்சம் இவ்வளவு கூலி குடுக்கோணும்னு. அதை நோட்டீஸா எழுதி, வேலை செய்யற எடத்துல எல்லாருங் கண்ணுலயும் படறாப்பல மாட்டி வெக்கோணுமாமா. மொதலாளி அதுக்கு ஒரு வேலை பண்ணினாரு. ஒரே பிரேமுல இந்தப் பக்கம் கஜலட்சுமி, அந்தப் பக்கம் நோட்டீசு. ரெண்டு பக்கமும் கண்ணாடி. இன்ஸ்பெக்டர் ஜீப்பு ரோட்டுல திரும்பறப்பவே பெட்டிக்கடைக்காரன் போன் போட்டுருவான். நான் ஓடிப்போயி பிரேமைத் திருப்பி மாட்டிருவேன். அவரு பாத்துட்டு, எழுதிக்கிட்டு, எளநி குடிச்சுட்டுப் போயிருவாரு. ஜீப்பு போனதும் லட்சுமி வந்துரும். ஒம்போது வருஷம் இதை நாந்தான் பண்ணினேன். வேற ஒருத்தர் கைபடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. அத்தனை நம்பிக்கை எம்மேல. அதுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்ல.

பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க, வெள்ளிக்கிழமையானா அந்த லட்சுமிக்குப் பூ வெச்சுக் கும்பிட்டுட்டுத்தான் கொடுவாளைத் தொடுவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும். அவங்க கூலிக்கு அவங்களே பூ வெச்சுக் கும்பிட்டுக்கறாங்கன்னு.

போன ஆயுத பூஜை. காலையிலயே மெஷினெல்லாம் நிறுத்தியாச்சு. களத்தைக் கழுவி, கொடுவாளு, பாரை, தராசு, கூடை எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு வரிசையா அடுக்கியாச்சு. கணக்குப் புஸ்தகமெல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால. மொதலாளி குடும்பத்தோட வந்து ஆபீஸ் ரூமுல உக்காந்திருந்தாரு. நான் திருஷ்டிப் பூசணிக்கா வாங்கறதுக்குச் சந்தைக்குப் போயிட்டேன். அங்கதானுங்க நான் ஏமாந்தேன். பூஜைன்னா படத்தையெல்லாம் எறக்கித் தொடைப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

பூசணிக்காயோட உள்ள வாரேன், களமே கப்சிப்புன்னு இருக்குது. இந்த வசந்தாமணி பிரேமை மடியில கவுத்துப் போட்டு, ஈரத்துணியால நோட்டீஸ் பக்கம் தொடைச்சுட்டு, சத்தம் போட்டுப் படிச்சுட்டு இருக்கா. எட்டாவது வரைக்கும் போனவ. தேங்கா வெட்டறவங்களுக்கு இவ்வளவு, உரிக்கறவங்களுக்கு இவ்வளவு, லோடு தூக்கறவங்களுக்கு இவ்வளவுன்னு வரிவரியாப் படிக்கறா. சுத்தி முப்பது பொம்பளைங்க வாயப் பொளந்துட்டு நிக்கறாங்க. நாங்க குடுத்தது அதுல பாதிகூட வராதாமுங்க.

நான் நல்லவிதமாத்தான் சொன்னேன். "அம்மணி, அதை வெய்யி. இன்னைக்கு சரஸ்வதி பூஜை. புஸ்தகமெல்லாம் பூஜையில இருக்குது. இன்னைக்குப் படிக்கக் கூடாது. குத்தம்."

நெசந்தானுங்களே? அன்னைக்கு யாராவது படிப்பாங்களா? உங்க ஊட்டுல படிப்பீங்களா?

அவ நிமிந்து பாத்துச் சொல்றா, "நான் புஸ்தகமாங்ண்ணா படிக்கறேன்? எங்க கூலியைப் படிக்கறேன்."

அந்த நேரம் பாத்து ஆபீஸ் ரூமுல இருந்து சத்தம் வருது. "நாச்சிமுத்து, என்ன சத்தம் அங்க?"

பூசணிக்காயைப் போட்டுட்டுப் போயி பிரேமைப் புடுங்கினேன். விடமாட்டேங்கறா. மாரோட சேத்து அணைச்சுட்டா. முடியைப் புடிச்சு இழுத்தேன், மண்டி போட்டா, அப்பவும் விடலை. ஒதைச்சேன். கண்ணாடி ஒடஞ்சு தாடையைக் கிழிச்சுருச்சு, ரத்தம் ஒழுகுது, விடலைங்க. பக்கத்துல வரிசையாக் கொடுவாளு இருந்துச்சு. ஒண்ணை எடுத்தேன். பிரேமைத்தான் வெட்டினேன். சத்தியமா பிரேமைத்தான். அவ கை அதும் மேல இருந்துச்சு. கட்டைவெரலும் ஆள்காட்டி வெரலும் தனியாப் போயி லட்சுமி மேல விழுந்துச்சு.

என்ன சத்தங்கறீங்க! முப்பது பொம்பளைங்களும் ஒரே கத்து. ஒருத்தி எம் மூஞ்சியில தேங்காத் தொட்டியை, அதாங்க கொட்டாங்குச்சியை, வீசினா, இந்தப் புருவத்துல தழும்பு தெரியுதுங்களா, அதுதான். நான் கொடுவாளைச் சுத்தி வீசினேன், அத்தனையும் சிதறிச்சு. வசந்தாமணி மட்டும் அங்கியே உக்காந்து, வெட்டுப்பட்ட கையை இன்னொரு கையால புடிச்சுட்டு எம் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. அழுகைகூட இல்ல.

நான் பண்ணினது தப்புத்தானுங்க. ஒத்துக்கறேன். பூஜையில வெச்ச ஆயுதத்தை மறுநா விடியறவரைக்கும் தொடக் கூடாது. தொட்டுட்டேன். சந்தனம் காயறதுக்குள்ள தொட்டுட்டேன். அந்தப் பாவந்தான் என்னை இந்த பெஞ்சுல கொண்டுவந்து உக்காத்தி வெச்சிருக்குது. இல்லைன்னா என்ர பொழப்பு இப்படி ஆகுமா?

போலீசு வந்துச்சு. மொதலாளி என்ர தோள்ல கைவெச்சு, "நான் பாத்துக்கறேன், வக்கீல் சொல்றதைச் சொல்லு"ன்னாரு. பத்தொம்பது வருஷத்துல அவரு என்னைத் தொட்டது அன்னைக்குத்தான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க.

வக்கீல் சொன்னாரு: "நீ அந்த மில்லுல வேலையே பாக்கலை. பூஜைக்குப் பொரி குடுக்கறாங்கன்னு குடிச்சுட்டு உள்ள போன ஆளு. தள்ளுமுள்ளுல கண்ணாடி ஒடஞ்சு அவ கையில பட்டுருச்சு. கொடுவாளே அங்க இல்ல. இப்படிச் சொன்னா லேசான கேஸு, அபராதத்தோட போயிரும். நான் மேஸ்திரி, கொடுவாளால வெட்டினேன்னு சொன்னா ஏழெட்டு வருஷம் உள்ளதான்." சரின்னு கைநாட்டு வெச்சேன். கொடுவாளைக் கழுவி மறுநாளே வேலைக்குப் போட்டுட்டாங்களாமா. அவ்வளவு தேங்கா வெட்டினதுக்கப்பறம் அதுல என்ன கண்டுபுடிக்க முடியும்?

ஜாமீனுக்கு ஆளு கெடைக்காம வெளிய வரத் தொண்ணூறு நாளாச்சு. நேரா மில்லுக்குத்தான் போனேன். கேட்டுல புதுசா ஒருத்தன் நிக்கறான், கையில தடியோட. "யாரு வேணும்?"ங்கறான். என்னையப் பாத்து! "டே, நான் மேஸ்திரிடா"ன்னேன். "மேஸ்திரி நாந்தான்"னான். நான் தள்ளிட்டு உள்ள போகப் பாத்தேன். அடிச்சான் பாருங்க. முட்டிக்குக் கீழ. நாலே அடி. கீழ விழுந்தப்பறம் விலாவுல மிதிச்சான், மூஞ்சியைத் தொடலை. அட, நல்லா அடிக்கறானேன்னு நெனைச்சேன். எங்கியோ கத்துக்கிட்டு வந்திருக்கான். மண்ணுல கெடக்கறேன், வாயில ரத்தம் உப்புக்கரிக்குது, உள்ள இருந்து சத்தம் கேக்குது. "என்ன சத்தம் அங்க?"

எம் பேரைச் சொல்லலைங்க. வேற பேரு சொன்னாரு.

அதுக்கப்பறந்தான் இந்த ஆபீசுல எழுதிக் குடுத்தேன். பத்தொம்பது வருஷம் வேலை பாத்தேன், எனக்குச் சட்டப்படி கூலி குடுக்கலை, மூணு மாசக் கூலி நிக்குதுன்னு. ஆபீசரு, "என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?"ங்கறாரு. என்ன இருக்குது? சீட்டு இல்ல, ரசீது இல்ல. வருகை நோட்டு ஒண்ணு இருந்துச்சு, வேலைக்கு வந்தவங்களுக்கெல்லாம் நாந்தான் அதுல கோடு போடுவேன். மாசக் கடைசியில தேங்காத் தொட்டியோட சேத்து அதை அடுப்புல போடறதும் என்ர வேலைதான். மொதலாளி வக்கீலு எந்திரிச்சு, நான் கைநாட்டு வெச்ச காயிதத்தையே எடுத்து நீட்டறாரு. "பாருங்க சார், பொரி வாங்க வந்தவன்னு இவனே சொல்லியிருக்கான்."

வசந்தாமணியும் மீதிப் பொம்பளைங்களும் போட்ட கேஸுலயும் அதே பதிலுதான். அவங்களும் பொரி வாங்க வந்தவங்களாமா. அன்னைக்கு அந்த மில்லுல வேலையாளுன்னு ஒருத்தருமே இல்லையாமுங்க! ஒரே மில்லுன்னு ஆபீசரு ரெண்டு கேஸையும் ஒண்ணாச் சேத்துட்டாரு. இன்னைக்கு என்ர வாக்குமூலம்.

போன செவ்வாக்கிழமை அவ என்ர ஊட்டுக்கு வந்தா. வாசல்ல நிக்கறா. எம் பொண்டாட்டி கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. சாபம் விடத்தான் வந்திருக்கான்னு நெனைச்சேன். அவ சொன்னது இவ்வளவுதான்.

"உள்ள வரலைங்ண்ணா. நீ மேஸ்திரின்னு நாங்க முப்பத்திரண்டு பேரும் சொல்றோம். நாங்க அங்க வேலை செஞ்சோம்னு நீ சொல்லு. நாங்க சொன்னாக் காசுக்காகப் பொய் சொல்றோம்கறாங்க. கோடு போட்டவன் நீ, நீ சொன்னா நம்புவாங்க."

"சொன்னா நான் உள்ள போயிருவேன், அம்மணி"ன்னேன்.

"தெரியும்"னா.

கொடுவாளே இல்லாம வெட்டறா பாருங்க. போயிட்டா. ரெண்டு நா கழிச்சு வக்கீலும் ஆளனுப்பினாரு. யாரையும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா வெட்டுக் கேஸை முடிச்சுத் தாரேன், கையில ஒரு தொகையும் தாரேன்னு. சொல்லலைன்னா விலாவுல மிதிக்கறதோட நிக்காதுன்னும் சொன்னான் வந்தவன்.

இவ்வளவு கேட்டீங்க, இன்னொண்ணும் சொல்லிடறேன். போலீசுலயும் சொல்லலை, எம் பொண்டாட்டிகிட்டயும் சொல்லலை. மொதலாளி சத்தம் போட்டதுக்காக நான் கொடுவாளை எடுக்கலைங்க. ஒதைச்சு, அவ மண்டி போட்டு, கண்ணாடி ஒடஞ்சப்பறமும் அவ பிரேமை மாருல இருந்து கொஞ்சம் வெலக்கிப் படிச்சா. கடைசி வரி. படிச்சுட்டு அந்த ரத்தத்தோட என்னை அண்ணாந்து பாத்து, "நாச்சிமுத்தண்ணா, கூட்டிப் பெருக்கறவங்களுக்கே உனக்கு மேல போட்டிருக்குதுங்ண்ணா"ன்னா. என்ர சம்பளம் எல்லாருக்கும் தெரியும், நாந்தான் பெருமையாச் சொல்லிட்டுத் திரிவேன். அவ கேலியாச் சொல்லலைங்க. பாவமாத்தான் சொன்னா. பின்னால நின்ன ஒருத்தி சிரிச்சுட்டா.

பத்தொம்பது வருஷங்க. பல்லை ஒடைச்சிருக்கேன், தோளைக் கழட்டியிருக்கேன், ரயிலடி வரைக்கும் தொரத்தியிருக்கேன். அத்தனையும் சீமாறு புடிக்கறவளுக்கும் கொறைஞ்ச கூலிக்குங்கறதை, நான் அடக்கி வெச்சவங்க முன்னால வெச்சுப் படிக்கறா. எனக்கு அந்த எழுத்து அழியோணும்னு இருந்துச்சு. அதுதான் எடுத்தேன்.

இருங்க, ஒம்போதுன்னு கூப்பிடறாங்களா? ஆமாங்க, நம்முளதுதான். அவளும் வாரா. அதா, மொதலாளி வக்கீலும் கோட்டை மாட்டிட்டு வாராரு, என்னையப் பாத்துத் தலையாட்டறாரு.

காலையில பஸ்ஸேறறப்ப, தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். மெய்யாலுமே. பேசிக்கிட்டே வந்ததுல இப்ப மனசு வேற மாதிரி இருக்குதுங்க. அவளுக்காகன்னு நெனைச்சுக்காதீங்க. அவ மேல எனக்கு இன்னும் கோவந்தான். ஆனா ஒரு மில்லையே கையில வெச்சிருந்தவனைப் பொரிக்கு வந்த குடிகாரன்னு எழுதி வெச்சிருக்கானுங்களே, அந்தப் பேரோட நான் சாகறதா?

இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. என்ன ஆதாரம்னு ஆபீசரு மறுபடியும் கேப்பாரு. அம்மணி, முந்தானையில இருந்து கையை எடுத்துக் காட்டுன்னு சொல்லப் போறேன். இது நான் வெட்டினதுங்க, அந்த மில்லுல, மேஸ்திரி வேலையில இருந்தப்ப, மொதலாளி சம்பளத்துல வெட்டினது, என்ர பத்தொம்பது வருஷத்துக்கு இதுதான் அத்தாட்சின்னு சொல்லுவேன். அன்னைக்கு எனக்குச் சேரவேண்டிய கூலியும் கொறைச்சலாத்தான் வந்துச்சுன்னு எழுதிக்கச் சொல்லுவேன்.